வாசல் அவருடையதுதான்

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யில் பிறந்தது. கணவன், மனைவி, சின்னப் பிணக்கு, கடைசியில் சேர்க்கை என்று பதினெட்டுக் குடும்ப நாவல்கள் எழுதியவள் நான். அதை நம்பித்தான், அகதியாகப் போய்த் திரும்பியவர்களுக்கு மறுவாழ்வு தரும் அலுவலகம் தன் விளம்பர மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டது. "நம்பிக்கை தர்ற மாதிரி எழுதுங்க மேடம்."

ஒரு தையல்காரரின் புகைப்படம் தந்தார்கள். மனைவியையும் மகளையும் வெளிநாட்டு முகாமில் விட்டுவிட்டு, நிலைமை பார்க்க முதலில் தான் மட்டும் வந்தவர்.

2

நான் எழுதியது: ‘சொந்த வீட்டு வாசலில், புதுத் தையல் மெஷினோடு* சிரிக்கிறார். மனைவியும் மகளும் வந்துவிட்டால் வீடு நிறைந்துவிடும்.’

(வீடு ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது. பூட்டை உடைத்துக் குடியேறியவர்கள் உள்ளே இருந்தார்கள். அலுவலகம் கேட்டதால் படம் எடுக்க ஐந்து நிமிடம் விட்டார்கள். மறுநாள் அவர் வீட்டைத் திருப்பிக் கேட்டபோது, "பொண்டாட்டி புள்ளையோட வா, மூணு பேரையும் சேத்தே பொதைக்கிறோம்" என்றார்கள். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எழுதும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை.)

* மின்சாரத்தில் ஓடுவது. அவர் தங்கியிருக்கும் தகரக் கொட்டகையில் மின்சாரம் இல்லை.

3

என் எண்ணைத் தேடிப் பிடித்து, முகாமிலிருந்து அவர் மனைவி பேசினாள்.

"அக்கா, உங்க நாவலெல்லாம் கிழியக் கிழிய படிச்சவ நான். என் வீட்டுக்காரரு அதுல அழகா சிரிக்கிறாரு. பன்னண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு காட்டுனதில்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கத்தை இங்க விசாரணையில படிச்சாங்க. வீடு இருக்கு, புருஷன் சந்தோஷமா இருக்காரு, அப்புறம் என்ன பயம்னு கேக்குறாங்க. இங்கயே அடைக்கலம் கேட்டு நான் போட்ட மனுவைத் தள்ளிட்டாங்க. பதினாலு நாள்ல மேல்முறையீடு பண்ணணும். இல்லன்னா, ‘விருப்பத்தோட திரும்புறேன்’னு கையெழுத்து."

4

அலுவலகத்துக்கு ஓடினேன். எழுதியது தவறு என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னேன்.

"கதையைத் திருத்திக்கலாம் மேடம். ஃபைலைத் திருத்த முடியாது. பிரிஞ்ச குடும்பம் சேர்றதுக்கு நீங்களே குறுக்க நிக்கலாமா?"

நான் அவரிடம் சொல்ல நினைத்தது

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். வரவில்லை.)

5

முடிவு ஒன்று: பேருந்து நிற்கிறது. மகள் இறங்கி ஓடுகிறாள். அவர் கைகளை விரித்து

(அடித்துவிட்டேன். என் வாசகிகள் கேட்கும் முடிவு இது. அலுவலகம் கேட்பதும் இதேதான்.)

முடிவு இரண்டு: அவர் முகாமுக்கே திரும்பிப் போகிறார்.

(முடியாது. விருப்பத்தோடு திரும்பியவர் ஐந்து ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழையக் கூடாது. அவர் கையெழுத்திட்ட தாளின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது.)

நேற்று அவளிடம் கேட்டேன், எப்படி முடிக்கட்டும் என்று.

"எல்லாக் கதையிலயும் எப்பாடு பட்டாவது சேத்து வெச்சிடுவீங்களே அக்கா. இந்த ஒருத்தியையாவது சேக்காம விடுங்க."

6

இந்தப் பக்கங்களை அவளுடைய மேல்முறையீட்டோடு இணைத்து அனுப்புகிறேன். நாளை பதினான்காவது நாள். ஆகவே இதைப் படிக்கும் நீங்கள் என் வாசகராக இருக்கலாம். மேல்முறையீட்டை விசாரிக்கும் மேசைக்குப் பின்னால் பேனாவோடு இருப்பவராகவும் இருக்கலாம். பின்னவர் என்றால், முடிவை எழுத வேண்டியவர் நீங்கள்தான். புகைப்படம் முதல் பக்கத்திலேயே இருக்கும். வாசல் அவருடையதுதான், சந்தேகம் வேண்டாம். உள்ளே யார் என்று கேளுங்கள்.

நான் கேட்கவில்லை.