எண்ணெய்க் கை

காரில் பேட்டரி உட்காரும் தட்டுக்குக் கீழே விரலை விட்டுத் தடவியபோது, மெழுகுவர்த்தியில் வழிந்து உறைந்தது போலப் புதுப் பெயிண்டில் ஒரு மேடு தட்டுப்பட்டது. சட்டென்று கண்ணுக்குத் தெரிகிற இடமில்லை. கழுத்தை ஒடித்துக் குனிந்து, டார்ச் அடித்தால்தான் தெரியும். அண்ணன் எதிர்ப்பக்கம் நின்று உப்புத்தாளை மடித்துக்கொண்டிருந்தான். நான் விரலை எடுக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டான்.

"என்னட்டி, ஒழுகிருக்கா?"

தலையை ஆட்டினேன்.

"கோயில் செலையக் காட்டுனாலும் மூக்கு கோணிருக்குன்னு சொல்லுவ நீ" என்று சொல்லிக்கொண்டே வந்து குனிந்தான். நகத்தால் அழுத்திப் பார்த்தான். மேலே காய்ந்திருந்தது, உள்ளே இன்னும் பச்சையாக இருந்தது. இப்போது தேய்த்தால் தாளில் பசையாக ஒட்டிக்கொள்ளும். முழுக்க இறுகும்வரை தொடக்கூடாது. "இன்னைக்குப் பொழப்பும் போச்சு" என்றான். எனக்கு உள்ளே ஏதோ இளகிக் கொடுத்தது. இன்னும் ஒரு நாள் இருப்பான்.

என்ஜின் இறங்கி, திருநெல்வேலியில் நூகு அண்ணாச்சி பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தது. மாடுகளை விற்றபிறகு சும்மா கிடந்த தொழுவத்தில் அம்பாசடர், வாயைத் திறந்துகொண்டு நின்றது. என்ஜின் இல்லாத அந்தக் குழியைப் பார்க்கப் பல் பிடுங்கிய இடம் போல இருக்கும். துருவைச் சுரண்டி, பட்டி வைத்து, பிரைமர் அடித்து, அதன்மேல் சந்தன நிறம் அடிப்பதை அண்ணனே வீட்டில் செய்தான். வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்துக்கு எதற்கு என்று அம்மா கேட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்கு மாத வாடகைக்கு வண்டி வேண்டும் என்று அங்கிருக்கும் எங்கள் ஊர்க்காரர் போனில் சொல்லியிருந்தார். ஆவணி பிறந்த முதல் வாரத்துக்குள் வண்டியோடு போய் நிற்க வேண்டும். அந்த மேனேஜர் டிரைவரைப் பார்க்கும் முன் பானட்டைத் தூக்கிப் பார்ப்பாராம். உள்ளே சுத்தமாக வைத்திருப்பவன்தான் வண்டியைச் சுத்தமாக ஓட்டுவான் என்பது அவர் கணக்காம். தவறவிட்டால் வள்ளியூரிலிருந்து ஒருவன் வண்டியோடு தயாராக இருக்கிறான். எங்கள் சீவலப்பேரியில் இனி அண்ணனுக்கு ஓட்டமில்லை. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் எல்லாரும் வேன் பிடிக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அவன் போய்விட்டால் எனக்குப் பேச்சே இருக்காது என்பதும் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் பாடம் ஒப்பிக்க எழுந்து நின்று, வாய் வராமல் மணி அடிக்கும்வரை நின்றேன். அடுத்த நாளும் நின்றேன். பிறகு போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் கேட்கவில்லை, வீட்டில் வேலைக்கு ஆள் இருப்பது அம்மாவுக்கும் வசதியாக இருந்தது. அண்ணன் மட்டும் என்னிடம் ஒரு மாதிரிப் பேசப் பழகியிருந்தான். தலையாட்டினால் பதிலாகிவிடும் கேள்விகளாகப் பார்த்துக் கேட்பான். அப்படிக் கேட்டுக் கேட்டு, சில நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் நானே நாலு வார்த்தை பேசிவிடுவேன்.

அதனால் குறைகளைத் தேடினேன். இல்லாததை ஒருநாளும் சொன்னதில்லை. ஆடிக் காற்றில் களத்து உமி பறந்து வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டியது நிஜம். அதைத் தேய்த்தெடுத்துவிட்டு, அம்மாவின் பழைய சேலைகளை நனைத்துத் தொழுவத்தைச் சுற்றிக் கட்டினோம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரிப் பொரிந்திருந்ததும் நிஜம். ஒவ்வொன்றையும் நான்தான் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளோ இரண்டு நாளோ கிடைத்தது.

அந்த ஒழுகல் இறுகியதும் தேய்த்து மறுபடி அடித்தபோதுதான் குழிகள் வந்தன. பெயிண்ட் விழுந்த கையோடு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது அங்கங்கே விலகி வட்ட வட்டமாக ஒதுங்கியது. அம்மைத் தழும்பு மாதிரி, நடுவில் பிரைமர் தெரிந்தது. தொட மாட்டேன் என்று பெயிண்டே ஒதுங்கிக்கொண்டது போலிருந்தது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடி அதே குழி.

கம்ப்ரசரை வாடகையில்லாமல் கொடுத்தவர் நூகு அண்ணாச்சி. விஷயத்தைக் கேள்விப்பட்டு டவுன் பஸ்ஸில் வந்திறங்கினார்.

"எண்ணெ இருந்தாத்தான் இப்படிப் பூக்கும்வே" என்றார்.

"அப்போ ஒம்ம கம்ப்ரசர்தான் காத்தோட எண்ணெயத் துப்புது, அண்ணாச்சி."

அவர், போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் நுனியைக் காற்றுக் குழாய்க்கு நேரே பிடித்தார். காற்று சட்டையை ஊதி விரித்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை. "பாத்துக்கிடும். வீட்டுல துவைச்சுப் போட்டது. என் கம்ப்ரசர் என் பொஞ்சாதிய விட ஒழுக்கம்."

"அதை மதினிகிட்டச் சொல்லட்டுமா?"

"சொல்லும். பொறவு நானும் ஒம்ம தொழுவத்துலதான் படுக்கணும்."

அம்மா கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டுப் போகும்போது சிரிப்பை நிறுத்தி, "செவ்வாக்கெழம என்ஜின் வந்துரும். அதுக்குள்ள முடிக்கலன்னா அப்படியே ஏத்தி மாட்டிரும். கோயம்புத்தூர்க்காரன் காத்திருக்க மாட்டான்" என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிடவில்லை. குழிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். "இந்த லெச்சணத்துல கொண்டுபோயிக் காட்டுததுக்கு, இங்கனயே கெடக்கலாம்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்திருந்த வார்த்தைதான் அது. அவன் குரலில் கேட்டபோது சந்தோஷம் வரவில்லை.

மறுநாள் காலையில் முற்றத்தில் அம்மா அவனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாக சனி, புதன்தான். ஒழுகல் இறுகக் காத்திருந்த நாளில் அவன் கண் சிவந்ததைப் பார்த்ததிலிருந்து தினமும். தின்னர் வாடை உடம்புச் சூட்டைக் கிளப்பிவிடும், கண் அவிந்துபோகும் என்று அவளுக்குப் பயம்.

"போதும்மா, வழியுது."

"இருலே. அங்கன ஓட்டல் சோறு தின்னுட்டுக் கெடக்கப் போற. எவ வந்து ஒனக்குத் தலையில எண்ணெ வப்பா?"

அவள் கை உச்சியில் வட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது. எண்ணெய் ஊறித் தீர்ந்தபிறகும் எடுக்க மனமில்லாமல் சுற்றியது. அவன் நெற்றியில் வழிந்ததை வழித்து முழங்கையிலும் உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டான். பிறகு குளித்தான். சீயக்காய் தலைக்கு மட்டும். கைக்கு யார் போடுவார்கள்?

பெயிண்ட் அடிக்கும் முன் அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாட்டைத் தடவுவது போல, தூசி இருக்கிறதா என்று உள்ளங்கையால் தகரத்தை ஒருமுறை நெடுகத் தடவுவான். வெறுங்கைக்குத் தெரியாத தூசியே கிடையாது என்பான்.

நான் எழுந்து தொழுவத்துக்குப் போனேன். குழிகள் எங்கெங்கே என்று பார்த்தேன். தகரம் முழுவதும் இல்லை. அவன் கை போகிற வழியில் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, வரிசையாக இருந்தன. கை எட்டாத மூலைகளில் பெயிண்ட் பால் போலப் படிந்திருந்தது.

சேலைத் திரைக்குள் ஈர வாடை. வெளியே காற்று இரைந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை, எதையும் கெடுக்க வேண்டியதில்லை. நாளைக்கும் அம்மா எண்ணெய் வைப்பாள், நாளைக்கும் அவன் தடவுவான், குழி பூக்கும். செவ்வாய்க்கிழமை தாண்டிவிடும். பேசாமல் இருப்பது எனக்குப் பழகின வேலை. வகுப்பில் அதைத்தானே செய்தேன். சொன்னாலோ அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

அண்ணன் துண்டால் காதைத் துடைத்தபடி உள்ளே வந்தான். தகரத்துக்கு நேரே கையைக் கொண்டுபோனான்.

"தொடாத" என்றேன்.

அவன் கை அப்படியே நின்றது. நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அவன் கேட்டதில்லை.

"ஒன் கையில எண்ணெ இருக்கு. நீ தடவுத எடத்துலதான் குழி விழுது. மூலையில பாரு, ஒண்ணும் இல்ல. கம்ப்ரசர் இல்ல அண்ணே. அம்மா தேச்சுவிடுத எண்ணெ."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். குழிகளைப் பார்த்தான். சேலைக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் வச்ச எண்ணெயா?" என்றாள்.

அண்ணன் உள்ளங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கும்பாவில் சீயக்காயைக் கரைத்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். "நல்லா நுரை வரத் தேயிளா" என்று மட்டும் சொன்னாள்.

குழிகளை உப்புத்தாளால் தேய்த்து மட்டம் பண்ணினேன். சீயக்காய்த் தண்ணீரால் கழுவி, துடைத்து, தின்னர் நனைத்த வெள்ளைத்துணியால் ஒரே திசையில் இழுத்தேன். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். காய்ந்தபின் கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு அடித்தான். வெளிப் பெயிண்டில் தெறிக்காமல் பக்கவாட்டில் நின்று நான் அட்டை ஒன்றை மறைப்பாகப் பிடித்துக்கொண்டேன். பெயிண்ட் விழுந்து பரந்தது. நாங்கள் மூச்சுவிடாமல் பார்த்தோம். அது விலகவில்லை.

திங்கட்கிழமை என் கையில் டார்ச்சைக் கொடுத்தான். "இப்பச் சொல்லு பாப்போம், நக்கீரி."

மூலை மூலையாகப் பார்த்தேன். அவசரப்படுத்தவில்லை அவன். ஸ்டியரிங் பெட்டிக்குப் பின்னால் ஒரு கொசு, இறக்கை விரித்தபடி பெயிண்டுக்குள் அமிழ்ந்து கிடந்தது. என்ஜின் ஏறிவிட்டால் அந்த இடம் யார் கண்ணுக்கும் படாது. டார்ச் வெளிச்சத்தை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் காலையில் போனான். அன்று அம்மா எண்ணெய் வைக்கவில்லை. அவனே தலையைக் குனிந்து கொடுத்தான். அவள் வெறுங்கையால் உச்சியை அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டாள். "பைய ஓட்டுலே" என்றாள். வண்டி ஆற்றுப் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை சத்தம் கேட்டது.

நான் சேலைகளை அவிழ்த்து மடித்தேன். தொழுவத்தைப் பெருக்கினேன். கம்ப்ரசர் காற்றில் பறந்த பெயிண்ட் சிமெண்டுத் தரையெல்லாம் சந்தன நிறத்தில் மெல்லப் படிந்து இறுகியிருந்தது. வண்டிக்கு முன்னால் அண்ணன் நின்று அடித்த இடத்தில் இரண்டு பாத அளவுக்கு மட்டும் பழைய சிமெண்ட் தெரிந்தது. பக்கவாட்டில் இன்னும் இரண்டு, சின்னதாக. சின்னதில் போய் நின்றேன். சரியாக இருந்தது. எதிரே இருந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை இல்லாததால் காற்று நேராக உள்ளே வந்தது. களத்து உமி ஒன்று சுழன்று வந்து பெரிய பாதத்தின் ஓரத்தில் விழுந்தது. அங்கே கொஞ்சம் ஆடியது. ஒட்டவில்லை. அடுத்த காற்றில் எழும்பி என்னைத் தாண்டிப் போனது.