பதினாறு காலிக் கட்டங்கள்

ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள் அவள். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. மேல்வீட்டுக்காரியின் கையைக் காலைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்கு வாஷிங் மெஷினைப் போடாமல் இருக்க வைத்தாயிற்று. வீட்டில் இனி மிச்சம் ஒரே சத்தம்தான். அது கணவரின் மூச்சு. அதை நிறுத்தச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது.

மணி நாலு. ஐந்துக்குள் பதிவை அனுப்பியாக வேண்டும். அவளுடைய இசைக்குழுவில் நாற்பது பேர், அவரவர் வீட்டு அறையில் தனித்தனியாகப் பாடியும் வாசித்தும் அனுப்புவார்கள். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே கச்சேரியாக்குவது குழுத் தலைவியின் பொறுப்பு. முப்பத்தொன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் இவள், இரண்டாம் வயலின், மூன்று வாரமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் வயலினைத் தனியாகக் கேட்க நேர்ந்தவர்கள் பாவம். மெட்டு முழுவதும் முதல் வயலின்காரர்களுக்குப் போய்விடும். மிஞ்சுவது ஒரே இடத்தில் நின்றுகொண்டு டட்டட் டட்டட் என்று தட்டும் வேலை. நடுவில் பதினாறு தாளக் கட்டங்களுக்கு அதுவும் கிடையாது. இசை எழுதிய தாளில் காலியாக இருக்கும். மனசுக்குள் எண்ணிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கணவர் படுத்த படுக்கையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"உன் லிஃப்ட் கிரவுண்ட் ஃப்ளோர்லயே நிக்குது. கதவு மட்டும் தெறந்து தெறந்து மூடுது."

நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிப் பன்னிரண்டு நாளாகிறது. நேற்று அவர் கேட்டார், "எல்லாரும் சேந்து வாசிக்கிறத எப்பக் கேக்கலாம்?"

"அடுத்த மாசம் வந்துடும்ங்க."

"அடுத்த மாசமா?" என்றார். சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. அந்த ஒரு கேள்வி அவளைப் படாத பாடு படுத்தியது. காலையில் முதல் வேலையாகக் குழுத் தலைவிக்கு ஃபோன் போட்டு, இதுவரை ஒட்டியதை அனுப்பச் சொல்லிக் கேட்டாள். அந்த அம்மாள் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இப்போதும் குரலில் சாக்பீஸ் வாசம் அடிக்கும்.

"அரைகுறையா எதையும் வெளிய விட மாட்டேன்மா."

"எங்க வீட்டுக்காரர் மட்டும்தான் கேப்பாரு, மேடம். ஒரே ஒரு தடவ."

காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மட்டும் அவளால் முடியவில்லை. சொன்னால் அது நிச்சயமாகிவிடும் என்று பயம். எப்படியோ மூன்றரை மணிக்கு முப்பத்தொன்பது பேரை ஒட்டிய பதிவு வந்து சேர்ந்தது. அதை ஒரு ஃபோனில் போட்டு, இயர்ஃபோனில் ஒரு காது அவருக்கு, ஒரு காது தனக்கு என்று மாட்டிக்கொள்வாள். நாற்பதாவது ஆளாகத் தானே பக்கத்தில் நின்று வாசித்துவிட்டால் அவருக்கு முழுசாகக் கேட்கும். இன்னொரு ஃபோன் அவள் வாசிப்பைப் பதிவு செய்துகொள்ளும். இதுதான் அவள் போட்ட திட்டம்.

வயலினோடு படுக்கையறைக்குள் நுழைந்தவளை நாத்தனார் வாசலிலேயே மறித்தார். தம்பியைப் பார்த்துக்கொள்ள வந்து ஒரு வாரமாக இங்கேயே இருப்பவர்.

"உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. பக்கத்துல நின்னு கச்சேரியா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"யாரும் பாக்கல, அக்கா."

"நான் பாக்கறேன்ல?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அக்கா, கொஞ்சம் பேசாம இரு. ரெக்கார்டிங்."

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பாத்திரத்தை டங்கென்று வைக்கப் போனவர், நினைவு வந்து மெதுவாக வைத்தது இங்கே கேட்டது.

"நான் மூச்ச அடக்கணுமா?" என்றார் கணவர்.

"உங்க இஷ்டத்துக்கு விடுங்க."

"பேரிங் போயிடுச்சு. கத்தத்தான் செய்யும்."

பதிவின் தொடக்கத்தில் ஒரு தடவை கை தட்ட வேண்டும். அதை வைத்துத்தான் எல்லாரையும் ஒரே நேரத்தில் பொருத்துவார்கள். "நான் தட்டறேன்" என்று அவர் ஒரு கையைத் தூக்கி இன்னொன்றின் மேல் போட்டார். சத்தம் வரவில்லை. அவள் தானே ஒரு தடவை தட்டிவிட்டு வில்லை எடுத்தாள்.

பாட்டு தொடங்கியது. தடித்த குரல்கள் நுழைந்தபோது அவர் புருவம் ஏறியது. "ஓ" என்று உதடு அசைந்தது. அவ்வளவுதான் அவள் பார்த்தது. காலிக் கட்டங்கள் நெருங்கவே கண்ணைத் தாளில் ஊன்றிவிட்டாள். போன வாரம் ஒரு தடவை எண்ணிக்கையைக் கோட்டைவிட்டு மானம் போயிருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தால் கணக்குத் தப்பும். பதினைந்து, பதினாறு. சரியாக நுழைந்தாள். காதில் நாற்பது பேரும் நிறைந்திருந்தார்கள், அவளும் அதில் இருந்தாள். மூன்று வாரத்தில் இப்படி ஒரு தடவைகூட வாசித்ததில்லை.

முடிந்த பிறகு ஐந்து விநாடி அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. நின்றாள். அறை அமைதியாக இருந்தது. கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார், நல்லதாகப் போயிற்று என்று நினைத்து, அவர் காதிலிருந்ததை மெல்ல எடுத்துவிட்டு, சிக்னலுக்காகப் பால்கனிக்கு ஓடினாள். பதிவு ஏறுவதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. ஐந்தடிக்க நான்கு நிமிடம் இருந்தது. சந்தோஷமாக உள்ளே வந்து, "எப்படிங்க இருந்துச்சு?" என்று தோளைத் தொட்டாள்.

மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வாடகை நாற்காலிகள் மட்டும் கூடத்தில் மிச்சமிருந்தன. நாத்தனார் அவளிடம் பேசியது ஒரே வாக்கியம்தான். "அவன் போறப்ப நீ ஃபிடில் வாசிச்சுக்கிட்டு இருந்திருக்க."

அவளை அரித்துக்கொண்டிருந்தது அதைவிட மோசமான ஒன்று. எப்போது போனார்? கேட்டுவிட்டுப் போனாரா? இல்லை, முதல் நிமிடத்திலேயே போய்விட்டாரா? போய்விட்டவருக்கா அத்தனை நேரம் வாசித்தாள்? உட்கார முடியவில்லை. நாற்காலிகளை அடுக்கினாள், பிரித்தாள், மறுபடி அடுக்கினாள்.

ஃபோன் அதிர்ந்தது. குழுத் தலைவியின் குரல் செய்தி. கை தவறி ஸ்பீக்கரிலேயே ஓடியது.

"பிரமாதம்மா. ஒரே ஒரு குறை. பின்னாடி கரகரன்னு ஒரு சத்தம், மெஷினா ஃபேனா தெரியல. கடைசிப் பக்கத்துல தானா நின்னுடுது, அதுக்கப்புறம் சுத்தமா இருக்கு. அதுக்கு முன்னாடி உள்ளதை மட்டும் மறுபடி வாசிச்சு அனுப்பறியா?"

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். அவள் பதிவைத் திறந்தாள்.

கைத்தட்டல். டட்டட் டட்டட். காதில் கேட்ட முப்பத்தொன்பது பேரும் இதில் இல்லை. அவள் வயலின் மட்டும், அதற்கு அடியில் அந்தக் கரகரப்பு. பிறகு வயலின் நின்றது. பதினாறு கட்டங்களுக்கு அவர் மூச்சு மட்டும் தனியாக ஏறி இறங்கியது. அவள் விரல் தானாக மடங்கி எண்ணியது. வயலின் மறுபடி நுழைந்தது. மூச்சும் இருந்தது. எல்லாரும் ஒன்றுசேரும் இடம் வந்தது, அப்போதும் இருந்தது. அதைத் தாண்டிக் கடைசிப் பக்கத்தின் இரண்டாவது வரியில் ஒரு மூச்சு நீளமாக வந்தது. அடுத்தது வரவில்லை.

"கேட்டிருக்காரு, அக்கா" என்றாள். "கிட்டத்தட்ட எல்லாத்தையும் கேட்டிருக்காரு." அழுகை அப்போதுதான் வந்தது.

நாத்தனார் ஃபோனை நோக்கிக் கையை நீட்டினார்.

"நடுவுல நீ வாசிக்காம நின்னியே," என்றார். "அந்த எடத்த மறுபடி போடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலால் பின்னுக்குத் தள்ளினாள். நாத்தனார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.