பிரேசில்காரன் பயறு

முப்பிடாதியம்மாள் வயல் மண்ணைச் செம்புத் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டி, சங்கில் ஊற்றிக்கொண்டு கட்டிலருகே வந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மண்ணாசைன்னா இதோட தீந்துரும்" என்றாள்.

கட்டிலில் கிடந்தது அவளுடைய தம்பி பலவேசம். வைகாசிக் கடைசியில் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தென்காசியிலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அது நடந்து பதினெட்டு நாள் ஆகிறது. மூச்சு நிற்பதும் வருவதுமாக இருந்ததே தவிர, போகிற வழியாக இல்லை.

ஓர் உயிர் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் அதற்கு ஏதோ ஓர் ஆசை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடும். இப்படிக் கண்டுபிடிப்பதில் முப்பிடாதியம்மாளுக்கு ஆய்க்குடியில் நல்ல பெயர். இதுவரை மூன்று பேரை அனுப்பி வைத்திருக்கிறாள். தம்பி வீடு மேலகரம்தானே என்று மாட்டுவண்டி பிடித்து வந்து இறங்கிவிட்டாள்.

மண் தண்ணீர் உள்ளே இறங்கியது. கூடியிருந்தவர்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பலவேசம் நாக்கைச் சுழற்றி உதட்டை நக்கினார், முகத்தைச் சுளித்தார், பிறகு முன்னைவிடச் சீராக மூச்சுவிட்டார்.

"மண்ணாசை இல்ல" என்று முப்பிடாதியம்மாள் ஒரு விரலை மடக்கினாள்.

பொன்னாசை வெள்ளிக்கிழமையே கழிந்திருந்தது. மோதிரத்தை உரசி ஊற்றிப் பார்த்தாயிற்று. திருநெல்வேலி அல்வாவை நெய் சொட்டச் சொட்ட நாக்கில் தடவியாயிற்று. மதுவிலக்குக் காலத்திலும் யாரோ எங்கிருந்தோ மறைத்துக் கொண்டுவந்த கள்ளில் இரண்டு சொட்டு விட்டாயிற்று. மகன் அய்யாக்குட்டி குற்றாலத்துக்குச் சைக்கிளை மிதித்து, சீசன் கூட்டத்தில் இடிபட்டு, பேரருவித் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தான். கள்ளுக்கு மட்டும் அவர் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவ்வளவுதான்.

"பாவிப்பயலுக்கு என்ன ஆசைன்னே தெரியலியே" என்று முப்பிடாதியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "ஏட்டி ஆவுடை, முப்பது வருசம் கூட இருந்தவ நீ. சொல்லு, இவன் என்னத்தக் கேப்பான்?"

பலவேசத்தின் மனைவி ஆவுடையம்மாள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கென்ன தெரியும் மைனி" என்றாள்.

அவளுக்குத் தெரியும். அது எட்டு நாளாக மிளகாய் வற்றல் பானைக்குள் இருக்கிறது.

பலவேசம் ஆனி, ஆடி இரண்டு மாதமும் குற்றாலத்தில் வடைக்கடை போடுகிறவர். மற்ற நாளெல்லாம் வயல். ஆனால் வயலில் நிற்கும்போதும் அவர் நினைப்பு வாணலியில்தான் இருக்கும். புதிதாக ஒரு பண்டம் என்று காதில் விழுந்தால் போதும், மனிதருக்குத் தூக்கம் போய்விடும். போன வருஷம் அய்யாக்குட்டி ஐ.நா. படையோடு காசாவுக்குக் கப்பல் ஏறினான். அங்கிருந்து அவன் எழுதிய கடிதங்களை, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்த ஆவுடையம்மாள்தான் வாசித்துக் காட்டுவாள். ஒரு கடிதத்தில், அடுத்த முகாமில் இருக்கும் பிரேசில் நாட்டுப் பட்டாளத்தான் ஒருவன் டின்னில் அடைத்த பயற்றை அப்படியே வாணலியில் கொட்டி, பூண்டோடு வதக்கி நசுக்கி, பத்து நிமிஷத்தில் ஒரு கறி செய்து கொடுத்தான் என்று எழுதியிருந்தான்.

பலவேசம் அந்த இடத்தை நான்கு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"டின்னுக்குள்ளயே வெந்து கிடக்குதாமாட்டி? ஊறப்போட வேண்டாம், அவிக்க வேண்டாம். தொறந்தமா கொட்டுனமான்னு போயிரலாம். அருவில குளிச்சிட்டு நடுங்கிக்கிட்டு வாறவனுக்கு, தோசை மேல இதச் சுடச்சுடத் தடவிக் குடுத்தா விடுவானா?"

அன்றைக்கே அதற்குப் பிரேசில்காரன் பயறு என்று பெயர் வைத்தாயிற்று. வீட்டிலிருந்த தட்டப்பயற்றை அவித்து நசுக்கி இரண்டு தடவை செய்து பார்த்தார். இரண்டு தடவையும் உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்து நக்கிவிட்டு, "இது அது இல்லட்டி" என்றார். அதற்கு முன் அதைத் தின்றவர் மாதிரிதான் பேச்சு.

"அந்த டின் பயற ஒரே ஒரு தடவ இந்த நாக்குல வச்சிட்டம்னா போதும். பொறவு எமன் வந்து வாசல்ல நின்னாலும், இந்தா வாரேன்னு கையக் கழுவிட்டுக் கிளம்பிருவேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

சண்டை நடக்கிற ஊரில் இருக்கும் பிள்ளையிடம் தின்பண்டம் கேட்டு எழுதக் கூச்சப்பட்டு ஆவுடையம்மாள் அதை எழுதவில்லை. எழுதாமலேயே வந்து சேர்ந்தது. பட்டாளம் இந்தியாவுக்குத் திரும்பிய கையோடு தந்தி கிடைத்து ஓடிவந்த அய்யாக்குட்டி, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவன் பெட்டியைத் திறந்து அழுக்குத் துணியை எடுத்த ஆவுடையம்மாளின் கையில் அந்த டின் தட்டுப்பட்டது. மேலே சிவப்புச் சிவப்பாகப் பயற்றின் படம். என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்பே அதை வற்றல் பானைக்குள் புதைத்துவிட்டாள்.

கொடுத்தால் போய்விடுவார். கொடுக்காவிட்டால் இருப்பார். பேசாமல், அசையாமல் கிடந்தாலும் இருப்பார். அவள் உள்ளே வரும்போதெல்லாம் அந்தக் கண் திரும்பி அவளைப் பார்க்கிறது. அவளுக்கு அது போதும். வேறு யாருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு அக்கறையில்லை.

ஆனால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அய்யாக்குட்டியின் லீவு முடிந்துவிட்டது. கூடுதலாகப் பத்து நாள் கேட்டுக் கொடுத்த தந்திக்கு முந்தாநாள் பதில் வந்திருந்தது. சாகக் கிடப்பதற்கு லீவு கொடுத்தாயிற்று, செத்தால் தகவல் தெரிவிக்கவும் என்பதுதான் அதன் சாரம். சாயங்கால வண்டியில் அவன் ஏறினால், வடக்கே போய்ச் சேர நான்கு நாள் ஆகும். அதற்குப் பிறகு இங்கே என்ன நடந்தாலும் அவனால் வந்து எட்டிப் பிடிக்க முடியாது. ஒரே பிள்ளை. கொள்ளி வைக்க வேறு ஆள் கிடையாது.

அவன் பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். ஒரே சட்டையை மூன்று தரம் மடித்துப் பிரித்தான். ஆவுடையம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எம்மா, நான் போனதுக்கப்புறம் அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தான். பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டான்.

ஆவுடையம்மாள் அடுக்களைக்குள் போனாள். வற்றல் பானைக்குள் கையை விட்டாள். நெடி ஏறி நான்கு தும்மல் போட்டுவிட்டு, மூக்கும் கண்ணும் சிவக்க வெளியே வந்தாள்.

"ஏலே, இத எப்படித் தொறக்கணும்?"

அய்யாக்குட்டி டின்னைப் பார்த்தான். "இது எங்கம்மா இருந்துச்சு? ரயில்ல தொலைஞ்சு போச்சுன்னுல்லா நெனச்சேன்."

"எட்டு நாளா எங்கிட்டதான் இருந்துச்சு. உங்கப்பா ஆசைப்பட்டது இதத்தான்."

முப்பிடாதியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எட்டு நாளா உனக்குத் தெரியுமாட்டி? நான் மண்ணையும் பொன்னையும் கரைச்சிக்கிட்டுக் கிடக்கேன். நீ பானைக்குள்ள வச்சிக்கிட்டு நின்னு வேடிக்க பாத்தியோ?"

"குடுத்தா போயிருவாவ மைனி. அதான் குடுக்கல."

முப்பிடாதியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி, அடுப்பப் பத்த வை. உரிச்ச உள்ளி இருக்கா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் கல்யாண வீடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். முப்பிடாதியம்மாள் சின்ன வெங்காயம் உரித்தாள். பூண்டு போதவில்லை என்றதும் பக்கத்து வீட்டு ரெபேக்காள் டீச்சர் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். வந்தவள் போகாமல் நின்றுகொண்டாள். அய்யாக்குட்டி டின்னை அம்மிமேல் வைத்துப் பட்டாளத்துக் கத்தியால் விளிம்பைச் சுற்றிக் கீறினான். மூடியை நெம்பியதும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கொழகொழவென்ற சாற்றில் பயறு வெந்து, உருண்டு திரண்டு கிடந்தது.

"யாரு எப்ப அவிச்சதோ, இன்னும் கெடல பாரு" என்றாள் ரெபேக்காள்.

"எண்ணெய் தாராளமா விடும்மா" என்றான் அய்யாக்குட்டி. லீவும் வண்டியும் அவனுக்கு மறந்துபோயிருந்தன. "உள்ளியப் போடு. பூண்ட நசுக்கிப் போடு, கருகிரக் கூடாது. சீரகம் கொஞ்சம். வத்தலக் கிள்ளிப் போடு. இப்பம் பயற அந்தச் சாறோட ஊத்து. மத்து வேண்டாம், கரண்டியாலயே நசுக்கு. பாதி மசியணும், பாதி முழுசாக் கெடக்கணும். சுண்டி வாணலிய விட்டு ஒதுங்கி வரும் பாரு, அதான் பக்குவம். டின்ல உப்புக் கிடையாதும்மா, நாமதான் போடணும்."

வாசனை எழும்பி வீடு முழுக்கப் பரவியது. உள்ளேயிருந்து முப்பிடாதியம்மாளின் சத்தம் கேட்டது. "ஏலே அய்யாக்குட்டி, ஓடியா. மூக்க ஆட்டுதான். தலை இந்தப் பக்கமாத் திரும்புது."

எல்லோரும் ஓடினார்கள். ஆவுடையம்மாள் மட்டும் அடுப்படியில் நின்றாள். பயறு சுண்டி ஒதுங்கி வந்தது. அவள் கை உப்பு மரவைக்குள் போனது. ஒரு கல் கூட எடுக்காமல் திரும்பி வந்தது.

வாழ்நாள் முழுக்க உப்புக் குறைந்ததை ஒரு வாய் விழுங்காத மனிதர். இதை வாயில் வைத்துவிட்டு, ஆசை தீர்ந்தது என்று எப்படிப் போவார்? கொடுத்த மாதிரியும் இருக்கும், கொடுக்காத மாதிரியும் இருக்கும் என்று நினைத்தாள்.

தலையணைகளை அண்டக் கொடுத்து அவரை நிமிர்த்தியிருந்தார்கள். ஆவுடையம்மாள் ஆறவைத்த பயற்றை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள். பலவேசத்தின் தாடை மெல்ல அசைந்தது. விழுங்கினார். கண் விரிந்தது. முப்பிடாதியம்மாள் கைகூப்பினாள்.

அப்போது அவருடைய இடது கை போர்வையிலிருந்து எழும்பியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மெதுவாகத் தேய்த்தன.

"திருநீறு கேக்கான்" என்று முப்பிடாதியம்மாள் கத்தினாள். "திருநீத்த எடுங்க."

நெற்றியில் திருநீறு பூசினார்கள். வாயில் ஒரு சிட்டிகை போட்டார்கள். பலவேசம் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். விரல்கள் நிற்கவில்லை. இன்னும் வேகமாகத் தேய்த்தன.

"நெறய கேக்கான் பாருங்க. எப்பேர்ப்பட்ட பக்தி."

பலவேசத்தின் கண் யாரையும் பார்க்கவில்லை. ஆவுடையம்மாளை மட்டும் பார்த்தது. முப்பது வருஷமாக வடைக்கடையில், கையெல்லாம் மாவாக, கூட்டத்துச் சத்தத்துக்கு மேலே பேச முடியாமல் அவர் அவளுக்குக் காட்டுகிற சைகை அது. உப்புப் பத்தவில்லை, கொண்டா.

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே, இந்த நிலைமையிலும் கண்டுபிடித்துவிட்டாரே என்று சிரிப்பும் வந்தது. கோபமாகவும் இருந்தது. தெரியாத மாதிரி இருந்துவிட்டால் என்ன? இங்கே யாருக்குத் தெரியும்? அவள் திரும்பினாள். அய்யாக்குட்டி அப்பாவின் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, என்ன வேணும்ப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பெட்டி பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தது.

ஆவுடையம்மாள் அடுக்களைக்குப் போனாள். உப்பை எடுத்து, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைத்து, வாணலியில் ஊற்றிக் கிளறினாள். அவள் சுவைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவளுக்கு அப்போது ருசி தெரிந்திருக்காது.

மறுபடி விரல் நுனியில் எடுத்து வைத்தாள். அவர் நாக்கு அதை அங்குமிங்கும் உருட்டியது. தேய்த்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. கை மெதுவாக இறங்கிப் போர்வைமேல் மலர்ந்து கிடந்தது. வாய் தானாக இன்னொரு தரம் திறந்தது.

ஐந்து வாய் வாங்கிக்கொண்டார். ஆறாவதற்கு வாய் திறக்கவில்லை. அவள் உதட்டைத் துடைத்துவிட்டாள்.

"பசியாறிட்டான். இனி நாளைக்கு எழுந்து உக்காந்தாலும் உக்காந்துருவான்" என்று ரெபேக்காளிடம் முப்பிடாதியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் போய்விட்டார். ஆவுடையம்மாளின் கை அவர் நெஞ்சின்மேல் இருந்ததால் அவளுக்கு மட்டும் தெரிந்தது. உடனே சொல்லவில்லை. முப்பிடாதியம்மாள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. சங்கு ஊதினார்கள், நீர்மாலை எடுத்தார்கள், கோடி போட்டார்கள். சாரல் விட்ட ஒரு இடைவெளியில் தூக்கிக்கொண்டு சிற்றாற்றுக் கரைக்குப் போய்விட்டார்கள். அய்யாக்குட்டி தலை மழித்து, ஈர வேட்டியோடு தீச்சட்டி பிடித்து முன்னால் நடந்தான்.

பெண்கள் வீட்டைக் கழுவி விட்டார்கள். செத்த வீட்டில் வெந்தது எதுவும் இருக்கக் கூடாது. முப்பிடாதியம்மாள் சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டு, வாணலியைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு வந்தாள். ஆவுடையம்மாள் அங்கே தலையில் ஊற்றிய தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தாள்.

முப்பிடாதியம்மாள் வாணலியைச் சரித்தவள், கொட்டாமல் நிறுத்தினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். விளிம்பில் ஒட்டியிருந்ததை ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தாள். இன்னொரு தரம் வழித்தாள்.

"நல்லாத்தாண்டி இருக்கு" என்றாள். "உப்பும் சரியா இருக்கு."

"சரியா இருக்கா மைனி?"

"அளந்து போட்ட மாதிரி இருக்கு. நீ தின்னு பாக்கலியா?"

ஆவுடையம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.