சிரிக்கிற இடம்

தட்சிணாமூர்த்தி சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். ஓய்வு நேரத்தில் சாவுக்கும் சூனியத்துக்கும் மதிப்பெண் போடுவார். நார்வேயில் எவனாவது தொண்டை கிழியக் கத்தி, சுற்றிலும் கிடார் இரைச்சலைப் பனிமூட்டம் மாதிரி பரப்பி ஒரு மெட்டல் ஆல்பம் போட்டால், இவர் வலைப்பூவில் 'உறைபனியின் இருண்மை' என்று மூன்று பக்கம் வரும். மார்கழிக்கே மப்ளர் சுற்றுகிற ஆள். படிக்கிறவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

அதில் ஒருவர் செம்மங்குப்பம் இன்னாசிராஜ். சிப்காட்டில் ஷிப்ட் வேலை. போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கத்துக்குத் தட்சிணாமூர்த்தியால் வர முடியவில்லை, விடைத்தாள் திருத்தினார். முப்பதாம் நாள் பூசைக்கு வந்துவிட்டார். வந்த காரணம் அலமாரியில் இருந்தது: இன்னாசிராஜ் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த, கறுப்புப் பெட்டியில் வைத்த நார்வே மெட்டல் சிடி. இந்தியாவில் வேறு யாரிடமும் இல்லை என்பது இவர் கணிப்பு.

இன்னாசிராஜின் மனைவி சவரிமேரி காபி கொடுத்தாள்.

"சார், இந்தப் பாட்டெல்லாம் நீங்கதான் தெரிஞ்சவருன்னு அவுரு சொல்லிக்கினே இருப்பாரு. ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"ஷிப்ட் முடிஞ்சி காலையில வந்ததும் அந்தக் கறுப்புப் பொட்டி பாட்டுதான் போடுவாரு. ஹெட்போன் மாட்டிக்கினு கண்ண மூடிக்குவாரு. நடுவுல ஒரு எடத்துல சிரிப்பாரு. தெனமும் சிரிப்பாரு, அடுப்பாண்டேர்ந்து பாப்பேன். அது எந்த எடம் சார்? நானும் போட்டுப் பாத்தேன். ஒரே கூச்சலா இருக்கு, புடிபடல."

தட்சிணாமூர்த்தியின் முகத்தில் வகுப்பறை வந்து உட்கார்ந்தது.

"வாய்ப்பே இல்லம்மா. மனித இருப்போட முழு நம்பிக்கையின்மை இது. இதுல சிரிக்கிற எடமே கெடையாது. நான் ஒம்பதரை போட்ட ஆல்பம்."

"சிரிச்சாரு சார். நான் பாத்தேன்."

"அப்ப அவரு தப்பா கேட்டிருக்காரு."

தட்சிணாமூர்த்தி அதோடு விடவில்லை.

"லைட்ட அணைச்சிட்டு, வேற நெனப்பே இல்லாம, முழுசா கேக்கணும். அஞ்சாறு தடவையாவது. அப்பதான் அந்த வெறுமை புரியும்."

"வெறுமை புரிய இம்மாம் கஷ்டப்படணுமா சார்?"

"ஆமாம்மா. எல்லாருக்கும் வராது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த சிடி இங்க இருந்தா தூசி படிஞ்சி வீணாப் போயிடும். தெரிஞ்சவங்க கையில இருந்தா அவரு ஆத்மாவுக்கும்…"

"தப்பா கேட்டவரு வாங்குன சிடி, உங்களுக்கு எதுக்கு சார்?" அலமாரியைச் சாத்தினாள். "காபி ஆறுது, குடிங்க."

மறுநாள் வலைப்பூவில் 'நண்பனுக்கு அஞ்சலி' வந்தது. நண்பனுக்கு இரண்டு வரி. மீதியெல்லாம் பெட்டிக்கு, அதன் அட்டை, அச்சு, ரசனையற்ற கைகளில் அது சிக்கிய கொடுமை. ஷேர் ஆட்டோ மொத்தமும் அழுதது.

செம்மங்குப்பத்தில் சவரிமேரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்தாள். நார்வேக்காரன் கத்திக்கொண்டிருந்தான். கீரையைக் கீழே வைத்துவிட்டு, அவரைப் போலவே கண்ணை மூடி, அங்கங்கே சிரித்துப் பார்த்தாள். எந்த இடமும் பொருந்தவில்லை.