தரைக்கடியில் இருப்பதை வரைந்தவள்

ஜெச்சோன் ஊரின் நவம்பர் குளிருக்கு ஈவிரக்கமே கிடையாது. முதியோர் இல்லமாகப் போகிற அந்தக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருபத்து நான்கு அறைகள். ஒவ்வொன்றின் தரையிலும், தரையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் வளைந்து வளைந்து கிடந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு, அதன்மேல் ஊற்ற சிமெண்ட் கலவை லாரி வந்துவிடும். தரையை மூடிவிட்டால் குழாய் எங்கே ஓடுகிறதென்று சொல்ல வரைபடம் ஒன்றுதான் மிஞ்சும். அதை வரைந்து கையெழுத்துப் போட வேண்டியவள் சோல் மிரான்.

"என்னம்மா, டேப்பும் கையுமா கிளம்பிட்ட?" என்றார் சைட் மேனேஜர் பியோ. "டிசைன் படம் இருக்கில்ல? தலைப்ப மட்டும் மாத்தி, கட்டி முடிச்சபடின்னு போட்டு, கையெழுத்தப் போடு. ஊரே அப்படித்தான் பண்ணுது."

"ஊரு பண்ணட்டும் சார். நான் ஒரு தடவ பண்ணிட்டேன், போதும்."

அந்த ஒரு தடவை நான்கு வருஷத்துக்கு முன்னால். அவள் பார்க்காமலே கையெழுத்திட்ட படத்தை நம்பி, அலமாரி பொருத்த வந்தவன் ஒரு வீட்டுத் தரையில் துளை போட்டு வெந்நீர்க் குழாயைக் குத்திவிட்டான். ஜனவரிக் குளிரில், பத்து நாள் குழந்தையோடு ஒரு பெண் நான்கு நாள் சூடில்லாத அந்த வீட்டில் கிடந்தாள். மிரானை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

காலை ஏழரைக்கு முதல் அறையில் மண்டியிட்டாள். சுவரிலிருந்து குழாய்வரை அளந்து, தாளில் குறித்து, போனில் படம் பிடித்தாள். ஆறு அறைகள் படத்தில் உள்ளபடியே இருந்தன. ஏழாவது அறையில் டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். வளைவுக்கு வளைவு இருபது சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் போக வேண்டிய குழாய், உள்சுவர் ஓரமாகப் பத்தே சென்டிமீட்டரில் நெருக்கியடித்து ஓடியது.

"மேஸ்திரி! இங்க வாங்க. இது யாரு வேல?"

குழாய் மேஸ்திரி மா தொக்சு பல்லைக் காட்டிக்கொண்டே வந்தார். "நம்ம கைவேலதான் மேடம். வயசானவங்க படுக்கிற இடம் இல்லியா? அங்க தர சுள்ளுன்னு சுட்டாத்தானே எலும்புக்கு இதம்? எங்க மாமியாருக்கும் இப்படித்தான் போட்டுக் குடுத்தேன். கிழவி எந்திரிக்கவே மாட்டேங்குது!"

"இங்க யாரும் தரையில பாய் விரிச்சுப் படுக்கப் போறதில்ல மேஸ்திரி. கட்டில். பக்கத்துல பிடிச்சு எழும்ப இரும்புக் கம்பி. அந்தக் கம்பிய எங்க போல்ட் அடிக்கப் போறாங்க தெரியுமா? நீங்க நிக்கிற இடத்துல."

மேஸ்திரியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "அடக் கடவுளே... கட்டில்னு எவனும் சொல்லலியே மேடம்."

"எத்தன அறையில இப்படி?"

"இதுலேர்ந்து கடைசிவரைக்கும்."

பதினெட்டு அறைகள்! அவளுக்கு அழவும் தோன்றியது, அந்த மனிதரை நாலு கேள்வி கேட்கவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை; குழாயைப் பிரித்து மறுபடி போடவும் நேரமில்லை. டேப்பின் ஒரு முனையை அவர் கையில் திணித்தாள். "பிடிங்க. அசையக் கூடாது."

லாரி அரை மணி முன்னதாகவே வந்து தொலைத்தது. அப்போது பதினைந்து அறைகள்தான் முடிந்திருந்தன. பியோ படியேறி வந்து கத்தினார். "கலவை இறுகிட்டா உங்கப்பனா வந்து உடைப்பான்? வெளிய வா!"

"அளந்த அறையில ஊத்துங்க சார். முதல் அறையிலேர்ந்து வரட்டும். அவங்க என்கிட்ட வர்றதுக்குள்ள நான் முடிச்சிடுவேன்."

"முடிக்கலைன்னா?"

"என் மேலேயே ஊத்துங்க."

பியோ பல்லைக் கடித்தார். பம்புக் குழாய் முதல் அறைக்குள் நுழைந்தது. அவர்கள் ஊற்ற ஊற்ற, இவள் அளந்துகொண்டே முன்னால் போனாள். முழங்கால் தோல் உரிந்து கால்சட்டையில் ரத்தம் கசிந்தது. இருபத்து நான்காவது அறையில் கடைசி எண்ணை அவள் எழுதும்போது, பம்புக்காரன் வாசலில் குழாயோடு நின்று, "அக்கா, காலக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?" என்றான்.

படத்தைக் கொடுத்தாள். அடுத்த வேலைக்கு பியோ அவளைக் கூப்பிடவில்லை. கேட்டவர்களிடம் "அவ ஒரு தலைவலி" என்று சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மதியம் கிம்ச்சிக் குழம்பில் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"மேடம், நான் ஓக். ஜெச்சோன் முதியோர் இல்லத்துல கைப்பிடிக் கம்பி மாட்ட வந்திருக்கேன். உங்க படத்துல உள்சுவர் ஓரமா துளை போடாதேன்னு சிவப்புல போட்டு, ஜன்னல் பக்கம் இங்க போடலாம்னு ஒரு புள்ளி வச்சிருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க... இது வழக்கம்போல டிசைன் படத்தப் பார்த்து எழுதுனதா, இல்ல நெசமாவே..."

"அளந்தது," என்றாள் மிரான். "மண்டி போட்டு அளந்தது. புள்ளியில போடுங்க."

"இங்க தாத்தா பாட்டிங்க குடிவந்துட்டாங்க மேடம். வெளிய மைனஸ் பதினாறு. தண்ணி பீச்சுச்சுன்னா நான் செத்தேன்."

"போனை வைக்காதீங்க. போடுங்க."

டிரில் அலறத் தொடங்கியது. மிரான் கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் நின்றது. யாரோ இருமினார்கள். அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"என்னங்க ஆச்சு?"

"வெறும் தூசிதான் மேடம்," என்றான் ஓக். "அடுத்த அறைக்குப் போறேன்."