எண்ணெய்க்குப்பியோடு ஒரு மாமியார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சிதான். உதிரிபாகக் கடையில் வைப்பர் வாங்க நின்றபோது எனக்கு முன்னால் ஒரு மாமியாரும் மருமகளும் நின்றார்கள். ஜீப்புக்கு பிரேக் பேட் வேண்டுமாம்.

"சத்தம் வராததாக் குடுப்பா" என்றார் மாமியார்.

"சத்தம் வந்தாப் பரவால்லண்ணே, சூடு தாங்குறதாக் குடுங்க" என்றாள் மருமகள்.

மாமியார் மருமகள் என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்கிறீர்களா? இருவரும் கடைக்காரரோடு மட்டுமே பேசினார்கள். அவர் இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று உள்ளே போய்விட்டார். நானும் வந்துவிட்டேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலைமுகட்டில் மஞ்சு தவழ்ந்த அந்த அதிகாலையில், போர்வீரனென நின்ற அந்த ஜீப்...' சே! அடித்துவிட்டேன்.

அடுத்தது: 'அந்த மாமியார் பொல்லாதவர்.' இதையும் அடித்தேன். எழுத எழுத அந்த அம்மாளை எனக்குப் பிடித்துத் தொலைத்துவிட்டது. மலைமேல் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். வாராவாரம் ஜீப் நிறைய நாற்றுகளை ஏற்றிக்கொண்டு, தொண்டை கிழியப் பாடியபடி, வளைவு வளைவாகச் சந்தைக்கு இறங்குவார். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்கு ஆகாது. எதுவும் கிறீச்சிடக் கூடாது. நீள மூக்கு வைத்த எண்ணெய்க்குப்பி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கதவோ, தையல் மெஷினோ, மின்விசிறியோ, அந்த வீட்டில் வாயைத் திறக்கத் துணிந்த பொருள் கிடையாது.

மருமகள் கல்யாணத்துக்கு முன்பு வண்டிப் பணிமனையில் வேலை பார்த்தவள். கெட்டிக்காரி. ஆனால் வந்து அரை வருடமாகியும் மாமியாரை இன்னும் எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. 'அத்தை' என்றால் விறைப்பாக இருந்தது, 'அம்மா' என்றால் வேஷம் போலிருந்தது. ஆகவே, "இங்க பாருங்க." அல்லது, "வந்து..."

மாமியாருக்கு அது வலித்தது. "என்னைக் கூப்பிட ஒரு வார்த்தை கெடைக்கலையா இவளுக்கு?" என்று நாற்றுகளுக்குத் தண்ணீர் விடும்போது வாய்விட்டே கேட்டிருக்கிறார்.

[இரண்டாம் வரைவில் மருமகளின் கணவனும் இருந்தான். டார்ச் பிடிக்கச் சொன்னால் வானத்தைப் பார்த்துப் பிடித்தான். வெளியூர் வேலைக்கு அனுப்பிவிட்டேன்.]

3

பெட்டித் தகராறு இப்படித் தீர்ந்தது.

"வளைவுக்கு வளைவு மிதிப்பீங்க. சூடேறினா சாதா பேட் பிடிக்காது."

"சரி சரி, மாட்டப்போறவ நீ. உன் இஷ்டம்."

மருமகள் முற்றத்தில் ஜாக்கி வைத்து ஜீப்பைத் தூக்கினாள். சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டைத் தளர்த்தி, பழைய பேடை உருவினாள். தேய்ந்து தகடாகியிருந்தது. மாமியார் அதை வாங்கிப் பார்த்தார். பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கியது இதை நம்பியா! பேடை அழுத்தும் பிஸ்டன் வெளியே வந்திருந்தது; மருமகள் அதை உள்ளே தள்ளிப் புதிய பேடைச் சொருகி, போல்ட்டைத் திரும்ப முடுக்கி, சக்கரத்தை மாட்டி, அந்தப் பக்கத்துக்கும் அதையே செய்தாள். பிறகு, பிரேக் கெட்டிப்படும்வரை மாமியாரையே ஏறி மிதிக்கச் சொன்னாள்.

வாசல்வரை ஓட்டிப் பார்த்தார்கள். ஜீப் ஆணியடித்தாற்போல் நின்றது. கூடவே, கிறீ...ச்!

"பிடிக்குதுல்ல?"

"பிடிக்குது. ஆனா இந்தக் கத்து கத்துதே!"

"புதுசுதானே, நாலு நாள்ல அடங்கிரும்."

மருமகள் கை கழுவ உள்ளே போனாள். நாளை விடிந்ததும் மாமியார் மலையிறங்க வேண்டும்.

மாமியாரின் கை தானாகக் குப்பியைத் தேடியது.*

* பிரேக் பேடில் எண்ணெய் பட்டால் பிடிமானம் போச்சு. மருமகளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அந்த அம்மாளுக்குத் தெரியாது. ஓட்டத்தான் தெரியும், ரிப்பேரெல்லாம் இதுவரை மெக்கானிக் பாடு.

4

முடிவுகள்:

எண்ணெய் விட்டுவிடுகிறார். காலையில் பாடிக்கொண்டே இறங்குகிறார். மூன்றாவது வளைவில்... மாட்டேன். சத்தியமாக எழுதமாட்டேன்.

குப்பி காலியாக இருக்கிறது. அந்த வீட்டிலா? யார் நம்புவார்கள்?

மருமகள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறாள். கையெல்லாம் சோப்பு நுரை. ஓடிவர நேரமில்லை. "இங்க பாருங்க!" என்று கத்துகிறாள். மாமியார் திரும்பவில்லை. இங்கே பாருங்கள் என்றால் யாரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாமே!

5

இந்த இடத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வார்த்தை அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அரை வருடமாக யோசித்து யோசித்து வராதது, யோசிக்க நேரமில்லாததால் வந்துவிட்டது. என்ன வார்த்தை என்று நான் எப்படி எழுதுவது? எனக்கு அவர் மாமியாரா என்ன?

நீங்கள் கூப்பிடுங்கள். உங்கள் வாயில் எது வருகிறதோ அது போதும். அவர் திரும்பிவிடுவார், அது என் பொறுப்பு. திரும்பும்போது அந்த முகத்தைப் பாருங்கள், நான் பார்த்துவிட்டேன், சிரிப்பும் அழுகையுமாக எனக்கு மேலே எழுத ஓடவில்லை. குப்பி விழுந்தால் விழட்டும், முற்றம்தானே, கழுவிக்கொள்ளலாம்.

ஆனால் கொஞ்சம் உரக்க. குப்பியின் மூக்கு சக்கர ஓட்டைக்குள் போய்விட்டது.

ம், சீக்கிரம்!