நீலக் கோடு

ஐந்தாவது பாறையிலும் அம்புக்குறி இல்லை. தையல்காரி குனிந்து மறுபடியும் தேடினாள்.

தையல் கடைக்கு மூன்று நாள் லீவு விட்டு, ஆற்றோரத்துச் செங்குத்துப் பாறை உச்சியில் கூடாரம் போட்டிருந்தார்கள். தண்ணீருக்கு இறங்கும் வழி பாறை இடுக்குகளில் நுழைந்து நுழைந்து போனது. தனியாக விட்டால் சொந்த வீட்டு மாடிப்படியிலேயே வழி தவறுகிறவர் கணவர். அதனால் அவளும் கூடவே வந்து, பாறைக்குப் பாறை நீலச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டாள். கால் சுளுக்கிய ஒன்பது வயது மகளைக் கூடாரத்தில் உட்காரவைத்து, விளிம்புக்கு நாலு முழம் முன்னால் ஒரு கோடு கிழித்திருந்தாள். “இதைத் தாண்டுனே, இன்னொரு காலையும் ஒடிச்சிடுவேன்.”

இப்போது தண்ணீரோடு திரும்பி ஏறுகையில் பொழுது சாய்ந்துவிட்டது. கீழே ஆறு மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அதன்மீதே எரிச்சல் வந்தது.

“மழைகூடப் பெய்யல. எப்படிங்க அழியும்?”

பின்னால் வந்த கணவர் திருதிருவென விழித்தார். உள்ளங்கை முழுக்க நீலம்.

பதினெட்டு வருடமாகக் கடையில் அவள் கோடு போட்டுத் தைப்பாள். அவர் அதைத் துடைத்துவிட்டு இஸ்திரி போடுவார். கோடு தெரிய ஒரு துணி வெளியே போனதில்லை.

“கை பாட்டுக்குத் துடைச்சிருக்கும்மா.”

“நாசமாப் போச்சு! கூடாரத்துகிட்ட போட்ட கோடு?”

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கடைசியாகக் கிளம்பியவர் அவர்தான். பெற்றவர்களைக் காணோமென்று பிள்ளை நொண்டிக்கொண்டே விளிம்புவரை வந்து எட்டிப்பார்த்தால்?

அவர் பாறைகளைத் தடவத் தொடங்கினார். “இது இல்ல. இதுவும் இல்ல... இதுதான். சொரசொரன்னு கை எரிஞ்சுது.” கிட்டே குனிந்தால் மங்கலாக நீலத் தூசு தெரிந்தது. அடுத்தது வழவழப்பானது. அதற்கடுத்தது பாசி. திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் அவர் கைக்குப் பின்னாலேயே அவள் ஏறினாள்.

மேலே வந்தபோது மகள் முகம் வீங்க அழுது முடித்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் பாறையில் தடிமனாக, கோணலாக ஒரு நீலக் கோடு.

“அப்பா போறப்பவே துடைச்சிட்டாரு. அப்புறம் நான்தான் ஊசிநூல் பையிலேருந்து சாக்பீஸ் எடுத்துத் திரும்பக் கோடு போட்டேன்.”

தையல்காரி அவளை அப்படியே வாரி அணைத்துக்கொண்டாள். அவரும் கிட்டே வந்து கோட்டுக்கு மேலே குனிந்தார்.

“அப்பா, கை!” என்றாள் மகள்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.